ஒரேகான் கடற்கரை: டென்ட்டுக்கும் ஆர்விக்கும் எந்த கேம்ப்கிரவுண்ட்?

ஹில்ஸ்பரோ மணி

வணக்கம். ஆகஸ்ட் மாதம் இரண்டு குடும்பமாக ஒரேகான் கடற்கரைக்குக் கிளம்புகிறோம். எங்கள் வீட்டில் டென்ட். நண்பர் வீட்டில் 28 அடி ஆர்வி (படுக்கை, அடுப்போடு உள்ள வீட்டு வண்டி) வாடகைக்கு எடுக்கிறார்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவும் கூட வருகிறார்கள்; இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. வரைபடத்தைத் திறந்தால் ஆஸ்டோரியாவிலிருந்து புரூக்கிங்ஸ் வரை 101 நெடுஞ்சாலை ஓரமெல்லாம் கேம்ப்கிரவுண்டுகள். எதை எடுப்பது, எதை விடுவது என்றே தெரியவில்லை. எனக்கு ஒரே ஓர் ஆசை: காலையில் டென்ட் ஜிப்பைத் திறந்தால் கடல் தெரிய வேண்டும். அப்படி ஓர் இடம் சொல்லுங்கள். வீடு போர்ட்லாந்து பக்கம் ஹில்ஸ்பரோவில்; அங்கிருந்து நான்கு மணி நேர ஓட்டத்துக்குள் இருந்தால் நல்லது.

மழைக்கோட்டு

மணி, முதலில் அந்த ஆசையைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். இந்தக் கடற்கரையில் டென்ட் போடுகிறவன் கடலைப் பார்த்து இடம் பிடிக்கக் கூடாது. காற்றைப் பார்த்துப் பிடிக்க வேண்டும்.

கோடையில் இங்கே வடமேற்குக் காற்று. காலையில் சாதுவாக இருக்கும். உள்நாட்டில் வில்லாமெட் பள்ளத்தாக்கு சூடாகச் சூடாக, மதியத்துக்கு மேல் கடலிலிருந்து காற்று இழுத்துக்கொண்டு வரும். உங்கள் ஊரில் 95 டிகிரி பாரன்ஹீட் அடிக்கும் நாளில் நியூபோர்ட்டில் 60 டிகிரியும் மூடுபனியுமாக இருக்கும். கடல் தெரிகிற இடம் என்றால் கடற்காற்றும் நேராக வருகிற இடம். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஸ்டவ் பற்ற வைத்துப் பாருங்கள், தெரியும். ராத்திரி முழுக்க டென்ட் துணி படபடவென்று அடிக்கிற சத்தத்தில் பெரியவர்கள் ஒரு கண் தூங்க மாட்டார்கள்.

நான் தேடுவது இதுதான்: கடலுக்கும் டென்ட்டுக்கும் நடுவே ஒரு மணல்மேடோ, அடர்ந்த ஷோர் பைன் மரங்களோ, சாலால் புதரோ இருக்க வேண்டும். அலைச் சத்தம் கேட்டால் போதும். ஐந்து பத்து நிமிடம் நடந்தால் கடல், திரும்பி வந்தால் காற்றில்லாத அடுப்பு.

அந்தக் கணக்கில் நியூபோர்ட்டுக்கு வடக்கே பெவர்லி பீச் நல்ல இடம். கேம்ப்கிரவுண்ட் 101க்குக் கிழக்கே, ஸ்பென்சர் ஓடை ஓரம் மரங்களுக்குள் இருக்கிறது. நெடுஞ்சாலைப் பாலத்துக்கு அடியில் நடந்து போனால் நேரே மணல். ஓடை ஓரமாக உள்ளே தள்ளி இருக்கும் இடங்களில் காற்று அனேகமாக இல்லை. முன்பக்கத்து இடங்களில் மட்டும் லாரிச் சத்தம் கேட்கும்.

நாலுசக்கர வீடு

மழைக்கோட்டு சொல்வது டென்ட்டுக்குச் சரி. ஆர்விக்கு அப்படியே பொருந்தாது. எங்களுக்குச் சுவர் இருக்கிறது, ஹீட்டர் இருக்கிறது. காற்று அடித்தால் வண்டி கொஞ்சம் ஆடும், அவ்வளவுதான். ஜன்னலில் கடல் தெரிகிற இடத்தை நாங்கள் ஏன் விட வேண்டும்? வால்ட்போர்ட் பக்கம் பீச்சைடு, அதற்குத் தெற்கே வனத்துறையின் டில்லிகம் பீச், இரண்டும் கடலுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கின்றன. ஒரு பக்கம் 101, மறு பக்கம் பசிபிக். நடுவே மெல்லிய துண்டு நிலம். வண்டிகளின் இரைச்சல் இருக்கும்தான், ஆனால் அலை அதை முழுங்கிவிடும்.

மணி, உங்கள் நண்பருக்கு நான் சொல்ல வேண்டியது வேறு. 28 அடி என்று வாடகைக்காரர் சொன்னால் நம்பிவிடாதீர்கள். பின் பம்பர், ஏணி, சைக்கிள் மாட்டும் கம்பி எல்லாம் சேர்த்து டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள். மாநிலப் பூங்காக்கள் பலவும் பல பத்தாண்டுகளுக்கு முன், சின்ன டிரெய்லர் காலத்தில் போட்டவை. தளம் குட்டை, வளைவு குறுகல். முன்பதிவுப் பக்கத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் அடிக்கணக்கு போட்டிருப்பார்கள். வண்டியின் அளவைவிட நான்கைந்து அடியாவது கூடுதலாக இருக்கும் இடத்தை எடுங்கள். ரிவர்ஸ் எடுக்கும்போது வலப்பக்கம் ஸ்ப்ரூஸ் மரம், இடப்பக்கம் மின்சாரக் கம்பம், பின்னால் பிக்னிக் மேஜை என்று மாட்டிக்கொண்டு நிற்கிற வாடகை வண்டியை ஒவ்வொரு கோடையிலும் பார்க்கலாம். வண்டியை உள்ளே தள்ளும்போது ஒருவர் இறங்கி, ஓட்டுநரின் பக்கத்துக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி நிற்க வேண்டும். கண்ணாடியில் ஆள் தெரியவில்லை என்றால் வண்டி நகரக் கூடாது.

கிழக்குக்கரையான்

ராமநாதபுரத்துக்காரன் நான். முதல் தடவை இங்கே ஜூலையில் வந்தபோது வேட்டியும் துண்டுமாகக் குளிக்க இறங்கினேன். தண்ணீர் 50, 55 டிகிரிதான். பாரன்ஹீட்! கணுக்கால் வரை போனதும் கால் மரத்துவிட்டது. அப்பா அம்மா நம்மூர்க் கடலை மனதில் வைத்துக்கொண்டு வருவார்கள், மணி. ஸ்வெட்டர், குல்லா எல்லாம் கட்டிக்கொடுங்கள்.

அலமேலு யூஜீன்

குழந்தைகள் தண்ணீரில் இறங்கியே தீருவார்கள் என்றால் கடலை விட்டுவிட்டு ஏரிக்கு வாருங்கள். ஃபுளோரன்ஸுக்குத் தெற்கே மூன்று மைலில் ஜெஸ்ஸி ஹனிமேன் பூங்கா. கிளியாவாக்ஸ் என்ற ஏரி, அதன் ஓரத்திலேயே மணல்குன்று. பிள்ளைகள் மேலே ஏறி, சறுக்கி, தண்ணீருக்குள் விழுவார்கள். ஏரித் தண்ணீர் ஆகஸ்டில் குளிக்கிற அளவுக்கு இருக்கும். கேம்ப்கிரவுண்டுக்கும் கடலுக்கும் நடுவே மணல்குன்றுகள் இருப்பதால் காற்றுத் தொல்லை பெரிதாக இல்லை. டென்ட் இடம், மின்சார இடம், முழு ஹூக்கப் (மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் இணைப்பு எல்லாம் உள்ள ஆர்வி இடம்) மூன்றும் ஒரே பூங்காவில் கிடைக்கும். யர்ட்டும் உண்டு. கடல் அலை பார்க்க வேண்டுமானால் காரை எடுக்க வேண்டும், அது ஒன்றுதான் குறை.

ஒரு விஷயம்: அக்டோபர் முதல் ஏப்ரல் வரை ஒரு வளைவிலிருந்து (கேம்ப்கிரவுண்டின் வட்டச் சாலைகளில் ஒன்று) மணல்குன்றில் ஓடும் மோட்டார் வண்டிகளை நேராகக் குன்றுக்குள் ஓட்ட விடுவார்கள். அந்த மாதங்களில் போகிறவர்கள் அந்த வளைவுக்குத் தள்ளியே இடம் பிடிக்கவும். ஆகஸ்டில் இந்தச் சத்தம் இல்லை.

மாமா, மாமிக்கு யர்ட் எடுங்கள் என்று அடித்துச் சொல்வேன். வட்டமான கூடாரம், மரத்தரை, கதவுக்குப் பூட்டு, உள்ளே கட்டில், மின்விளக்கு, ஹீட்டர். 1994இலேயே இங்கே மாநிலப் பூங்காக்களில் கொண்டுவந்துவிட்டார்கள். போர்வை தலையணை நாம்தான் கொண்டுபோக வேண்டும். உள்ளே சமைக்கக் கூடாது. கழிவறை பொதுதான்; அதனால் ராத்திரி எழுந்து போகிற தூரத்தைப் படத்தில் பார்த்துவிட்டு புக் செய்யுங்கள். கழிவறையை ஒட்டிய இடமும் வேண்டாம், இரவெல்லாம் வெளிச்சமும் கதவுச் சத்தமும் இருக்கும். இரண்டு மூன்று இடம் தள்ளி எடுத்தால் நிம்மதி.

ஹில்ஸ்பரோ மணி

அக்கா, யர்ட் யோசனை அருமை. அம்மாவிடம் சொன்னேன், "பூட்டு இருக்கிறதல்லவா, அப்போ சரி" என்று விட்டார்கள்.

ஆனால் மழைக்கோட்டு அண்ணா, கேப் லுக்அவுட் பற்றிச் சொல்லவே இல்லையே? டில்லமூக் வழியாக எங்களுக்கு அதுதான் பக்கம். படங்களில் டென்ட்டுக்குப் பின்னால் கடல் தெரிகிறது!

மழைக்கோட்டு

கேப் லுக்அவுட் அழகான இடம்தான், மறுக்கவில்லை. நெடார்ட்ஸ் மணல் நாக்கின் அடியில், பெரிய மரங்களுக்குக் கீழே. ஆனால் அங்கே கடல் எவ்வளவு பக்கம் வந்துவிட்டது தெரியுமா? 1990களின் கடைசியில் எல் நினோ குளிர்காலப் புயல்களில் முன்னால் இருந்த மணல்மேடு அரித்துப் போய், அலை கேம்ப்கிரவுண்டுக்குள் வந்தது. அப்புறம் கூழாங்கல் கொட்டி ஒரு கரையும், அதன் பின்னால் செயற்கை மணல்மேடும் கட்டினார்கள். நீங்கள் படத்தில் பார்க்கிற "கடல் தெரியும் டென்ட்" இடங்கள் அந்த மேட்டுக்குப் பின்னாலேயே இருக்கின்றன. ஆகஸ்டில் அலை பயமில்லை. ஈரம்தான் பிரச்சினை. மூடுபனி ஸ்ப்ரூஸ் இலைகளில் தங்கி, விடிய விடியச் சொட்டும். வானத்தில் மழை இல்லை, டென்ட் மேல் மட்டும் மழை. மேல்துணியை இழுத்துக் கட்டாமல் தொய்வாக விட்டால் உள்துணியோடு ஒட்டி, காலையில் தூக்கப்பை நனைந்திருக்கும்.

அங்கே போவதென்றால் கடலோர வரிசையை விட்டு, மரம் கொஞ்சம் விலகி வானம் தெரிகிற இடமாகப் பாருங்கள். காலை வெயில் ஒரு மணி நேரம் பட்டால்கூட எல்லாம் காய்ந்துவிடும். இது நான் எந்தப் பூங்காவிலும் பார்க்கிற விஷயம்: மேற்கே மறைப்பு, கிழக்கே திறப்பு.

பாறைக்கொக்கு

மரம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். மான்சனீட்டாவுக்கு வடக்கே ஆஸ்வால்ட் வெஸ்ட் பூங்காவில் முன்பு நடந்து போய்த் தங்கும் டென்ட் இடங்கள் இருந்தன. தள்ளுவண்டியில் சாமான் வைத்து இறக்கிக்கொண்டு போவார்கள். 2008இல் ஒரு பெரிய ஸ்ப்ரூஸ் மரம் அந்த இடத்தில் விழுந்தது. நல்ல வேளையாக யாருக்கும் ஆபத்தில்லை. சுற்றி நின்ற மற்ற மரங்களும் நம்பகமாக இல்லை என்று கேம்பிங்கையே மூடிவிட்டார்கள். பழைய வலைப்பக்கங்களில் இன்னும் அந்த இடத்தைப் புகழ்ந்து எழுதியிருக்கும். அதை நம்பி யாரும் கிளம்பிவிட வேண்டாம்.

டென்ட் போடும் முன் தலையை நிமிர்த்திப் பாருங்கள். மேலே பட்டுப்போன கிளை தொங்கினால், நான்கடி தள்ளிப் போடுங்கள்.

பசித்தவன் 503

எல்லோரும் காற்று, மரம் என்கிறீர்கள். சாப்பாடு? டென்ட் இடத்தில் ரைஸ் குக்கர் வைக்க முடியுமா முடியாதா?

நாலுசக்கர வீடு

முடியும், மின்சார இடத்தை புக் செய்தால். டென்ட்காரர்களும் மின்சார இடம் எடுக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். ரைஸ் குக்கர், கெட்டில், அப்பாவின் மூச்சுக் கருவி, எல்லாவற்றுக்கும் உதவும். ஆனால் அந்த வளைவுகளில் அக்கம்பக்கம் எல்லாம் ஆர்விதான். தரையும் சில இடங்களில் சரளைக்கல். சாதாரண முளை இறங்காது, இரும்பு முளையும் சுத்தியலும் எடுத்துக்கொள்ளுங்கள். மணல் தரைக்கு நேர் எதிர், நீளமான அகல முளை வேண்டும். இரண்டையும் காரில் போட்டுக்கொண்டால் கவலையில்லை.

ஆர்விக்கு 30 ஆம்ப் என்றால் மொத்தம் 3,600 வாட்தான். ஒரே நேரத்தில் மின்சார ஹீட்டர், மைக்ரோவேவ், இன்ஸ்டன்ட் பாட் மூன்றையும் போட்டால் பிரேக்கர் விழும். சாம்பார் கொதிக்கும்போது ஹீட்டரை நிறுத்துங்கள், அவ்வளவுதான். முழு ஹூக்கப் கிடைக்காவிட்டாலும் கவலைப்படாதீர்கள்; தண்ணீரும் மின்சாரமும் உள்ள இடம் போதும். கழிவுநீர்த் தொட்டியை வெளியேறும் நாளில் டம்ப் ஸ்டேஷனில் காலி செய்யலாம். ஆனால் பாத்திரம் கழுவுகிற நீர்த்தொட்டிதான் முதலில் நிரம்பும். நம் சமையலில் பாத்திரம் அதிகம். எண்ணெய்ப் பாத்திரத்தைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள்.

வனத்துறை கேம்ப்கிரவுண்டுகளில் பெரும்பாலும் ஹூக்கப்பே இருக்காது. விலை குறைவு, இடைவெளி அதிகம். கேப் பெர்பெச்சுவாவில் ஓடை ஓரமாக வரிசையாக இடங்கள் உண்டு, டென்ட்டுக்கு அருமை. பெரிய வண்டிக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பொறியாளர் ரவி

தனியார் ஆர்வி பார்க்குகள் பற்றி யாரும் பேசவில்லையே. வைஃபை, சலவை இயந்திரம், கேபிள் டிவி எல்லாம் இருக்கிறதே?

நாலுசக்கர வீடு

இருக்கிறது. கான்கிரீட் தளம், பக்கத்து வண்டியின் ஜன்னல் கைக்கெட்டும் தூரத்தில். டென்ட்டைப் பல இடங்களில் சேர்ப்பதே இல்லை, அதனால் மணியின் கூட்டணிக்கு ஒத்துவராது. பத்து வருஷத்துக்கு மேற்பட்ட ஆர்வி வேண்டாம் என்று சொல்கிற பார்க்குகளும் உண்டு. வாடகை வண்டிக்கு அந்தச் சிக்கல் வராது. மாநிலப் பூங்காவில் இடம் கிடைக்காமல், வண்டி கையில் இருக்கிறது என்ற நிலையில் ஒரு ராத்திரிக்குப் போய்த் தங்கலாம். நான் அதற்கு மேல் போவதில்லை.

தெற்கத்தி

தூரம் பரவாயில்லை என்றால் தெற்கே வாருங்கள் ஐயா! கூஸ் பே பக்கம் சன்செட் பே. இரண்டு பக்கமும் பாறைச் சுவர், நடுவே சின்ன வளைகுடா, அலை அடங்கி உள்ளே வரும். கேம்ப்கிரவுண்ட் சாலைக்கு அந்தப் பக்கம், ஓடை ஓரம். ஷோர் ஏக்கர்ஸ் தோட்டம் பக்கத்திலேயே, கேப் அரகோவில் கடல்சிங்கம் கத்துவது தூரத்திலிருந்தே கேட்கும். இன்னும் கீழே புரூக்கிங்ஸில் ஹாரிஸ் பீச். ஒரேகான் கடற்கரையிலேயே வெதுவெதுப்பான மூலை அது. நடுவில் கேப் பிளாங்கோ மட்டும் காற்றின் தலைநகரம். கலங்கரை விளக்கத்துப் பக்கம் நின்றால் பேச்சே கேட்காது. ஆனால் அங்கேயும் கேம்ப்கிரவுண்டை ஸ்ப்ரூஸ் காட்டுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள், அதனால் டென்ட் நிற்கும்.

மழைக்கோட்டு

நான்கு மணி நேரம் என்று கேட்டவரைப் புரூக்கிங்ஸ் அனுப்புகிறீர்களே! 28 அடி வண்டியோடு போர்ட்லாந்திலிருந்து ஒரு முழு நாள். சன்செட் பே பற்றிச் சொன்னது அத்தனையும் உண்மை, அடுத்த வருஷத்துக்கு எழுதி வைத்துக்கொள்ளுங்கள் மணி.

பாறைக்கொக்கு

யாரும் தொடாத விஷயத்தை நான் தொடுகிறேன், பயமுறுத்த அல்ல. இந்தக் கடற்கரைக்கு எதிரே கடலுக்கடியில் காஸ்கேடியா பிளவு இருக்கிறது. கடைசியாக அது முழுதாக நகர்ந்தது 1700 ஜனவரி 26. அப்போது எழுந்த சுனாமி ஜப்பான் வரை போனது. தேதி தெரிவதே அங்கே எழுதி வைத்த குறிப்புகளால்தான். அடுத்த முறை வந்தால் நிலநடுக்கத்துக்கும் அலைக்கும் நடுவே இருப்பது சில இடங்களில் 15, 20 நிமிடம்தான். சைரனுக்குக் காத்திருக்கக் கூடாது. தரை நீண்ட நேரம் ஆடினால் அதுதான் எச்சரிக்கை.

தூரத்து நிலநடுக்கமும் உண்டு. 1964 மார்ச்சில் அலாஸ்காவில் நிலம் அதிர்ந்த ராத்திரி, பெவர்லி பீச்சில் மணலிலேயே படுத்திருந்த ஒரு குடும்பத்தின் நான்கு குழந்தைகளை அலை கொண்டுபோனது. நம்மில் 2004 டிசம்பரை நேரில் பார்த்தவர்களுக்கு இதைப் பற்றி நான் நீட்டி முழக்க வேண்டியதில்லை.

அதனால் செய்ய வேண்டியது சின்ன வேலை. டென்ட் போட்டு முடித்ததும், நீல நிறச் சுனாமிப் பலகை காட்டும் பாதையில் மேட்டுக்கு ஒரு தடவை எல்லோரும் நடந்துவிட்டு வாருங்கள். அப்பா அம்மா அந்த ஏற்றத்தை ஏற எவ்வளவு நேரம் எடுக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். புக் செய்யும்போதே, மேட்டுப் பாதைக்குப் பக்கத்து வளைவாகப் பார்த்தால் இன்னும் நல்லது. யர்ட் எந்த வளைவில் இருக்கிறது என்பதற்கு இதையும் ஒரு காரணமாக எடுத்துக்கொள்ளலாம்.

அதைவிட அடிக்கடி ஆளை எடுப்பது ஸ்னீக்கர் அலை. பத்து நிமிடம் சும்மா இருந்துவிட்டு ஒரே அலை கரையின் பாதி வரை ஏறும். கரையில் கிடக்கும் பெரிய மரத்தடிகள் மேல் பிள்ளைகளை உட்காரவிடாதீர்கள். கொஞ்சம் தண்ணீர் வந்தாலே டன் கணக்கான தடி உருண்டுவிடும்.

கிழக்குக்கரையான்

அப்போ பணம் கட்டாமல் கடற்கரை மணலிலேயே டென்ட் போடலாம் என்று எனக்குச் சொன்னவர்களை என்ன செய்வது?

பாறைக்கொக்கு

பாதி உண்மை. 1967 சட்டத்தால் மணல் முழுக்கப் பொதுமக்கள் பயன்பாட்டுக்கு உரியது, நடக்க யாரும் தடுக்க முடியாது. தங்குவது வேறு கதை. மாநிலப் பூங்காக்களை ஒட்டிய மணலிலும், பல ஊர் எல்லைக்குள்ளும் இரவு தங்கத் தடை. சில பகுதிகளில் மார்ச் 15 முதல் செப்டம்பர் 15 வரை ஸ்னோயி ப்ளோவர் பறவை முட்டையிடும் காலம். உலர்ந்த மணலில் கால் வைக்கவே கட்டுப்பாடு. குடும்பத்தோடு அந்த வம்பு வேண்டாம்.

மட்டுறுத்துநர்

"கலிபோர்னியா கடற்கரையே மேல்" என்று தொடங்கிய பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். அங்கே போய்ச் சண்டை போடவும்.

அலமேலு யூஜீன்

மணி, பிப்ரவரி வந்துவிட்டது. மாநிலப் பூங்காக்களில் 6 மாதம் முன்பே பதிவு திறந்துவிடும். ஆகஸ்ட் வார இறுதிகள் திறந்த அன்றே போய்விடும். ஞாயிறு முதல் வியாழன் வரை என்றால் பக்கத்துப் பக்கத்து இடங்கள் கிடைக்க வாய்ப்பு அதிகம். கிடைக்காவிட்டால் தினமும் பாருங்கள், ரத்து ஆகிற இடங்கள் வந்துகொண்டே இருக்கும். ஓர் இடத்துக்கு எட்டுப் பேர்தான் கணக்கு. உங்கள் நண்பர் வேறு மாநிலத்துக்காரர் என்றால் ஆர்வி இடத்துக்கு 25 சதவீதம் கூடுதல், அதனால் அந்த இடத்தையும் உங்கள் பெயரில் போடலாமா என்று அவர் கேட்பார். யார் தங்குகிறார்களோ அவர் பெயரில் போடுவதுதான் முறை.

இன்னொன்று, புக் செய்யும் முன் பூங்காவின் அறிவிப்பைப் பாருங்கள். நெஹேலம் பே, பெவர்லி பீச் இரண்டும் 2024 கடைசியில் மின்கம்பி வேலைகளுக்காக மாதக்கணக்கில் மூடியிருந்தன.

மழைக்கோட்டு

நானாக இருந்தால் பூங்காவை மாற்றி மாற்றி ஓட மாட்டேன். பெரியவர்களோடு, தினமும் டென்ட் பிரித்துக் கட்டுவது பெரிய தண்டனை. ஒரே இடத்தில் எல்லா இரவும் இருங்கள். நியூபோர்ட் பக்கம் என்றால் பெவர்லி பீச். அது கிடைக்காவிட்டால் யாக்கினா பாலத்துக்குத் தெற்கே சவுத் பீச். அங்கே நிலம் சமதளம், பெரிய வண்டி திருப்ப எளிது, ஷோர் பைன் மரங்கள் காற்றை மறைக்கின்றன, மணல்மேட்டைத் தாண்டினால் கடல். கலங்கரை விளக்கம், மீன் காட்சியகம் எல்லாம் பக்கம், மருத்துவமனையும் ஊருக்குள்ளேயே இருக்கிறது. குழந்தைகள் ஏரி கேட்டால் ஹனிமேன். உங்கள் கடல் ஆசைக்கு, ஒரு நாள் காலையில் ஃபிளாஸ்க்கில் காபி எடுத்துக்கொண்டு டில்லிகம் பீச் பக்கம் போய் உட்காருங்கள்.

ஹில்ஸ்பரோ மணி

எல்லோருக்கும் நன்றி. சவுத் பீச்சில் அப்பா அம்மாவுக்கு யர்ட், நண்பருக்கு ஒரு மின்சார இடம், நாங்களும் அதே வளைவில் ஒரு மின்சார இடம் என்று புக் செய்துவிட்டேன். ஞாயிறு முதல் வியாழன். நண்பர் வண்டியை அளக்கச் சொன்னேன். வாடகை நிறுவனம் சொன்ன 28 அடி, ஏணியோடு 30 ஆகிவிட்டது. நல்ல வேளை, 40 அடி இடம்.

கடைசியாக ஒரு கேள்வி: வீட்டில் வெட்டிப் போட்ட மரம் நிறைய இருக்கிறது. விறகாகக் கொண்டுபோகலாமா?

பாறைக்கொக்கு

வேண்டாம். விறகோடு பூச்சியும் நோயும் காடு மாறிப் போகும். பூங்காவிலேயே கட்டு விறகு விற்பார்கள், அங்கேயே வாங்குங்கள். ஆகஸ்டில் சில நாள் நெருப்புத் தடையும் போடுவார்கள், அதனால் சமையலுக்கு கேஸ் ஸ்டவ் கட்டாயம்.

கிழக்குக்கரையான்

சாப்பாட்டை வெளியே வைத்துவிட்டுத் தூங்காதீர்கள். ரக்கூன் ஐஸ் பெட்டியின் மூடியைத் திறக்கத் தெரிந்த மிருகம். எங்கள் தயிர்சாதம் போனது அப்படித்தான். ஊறுகாயை மட்டும் தொடவில்லை.